பிஸ்கோத்தின் கடைவாய்ப் பல்

சேசு மரி சூசை துணை

மேட்டூர் அணை
10-8-1958

அன்புள்ள செபஸ்தியான் அண்ணனுக்கு,

தங்கை சகாயம் எழுதுவது. நானும் உங்கள் மாப்பிள்ளையும் சர்வேசுரன் புண்ணியத்தில் சௌக்கியம். உங்கள் உடம்பும் அண்ணியின் மூட்டு வலியும் எப்படி இருக்கின்றன? பதிலில் முதல் வரியாக அதை எழுதுங்கள். இப்போது உட்கார்ந்துகொண்டு படியுங்கள். எங்கள் வீட்டுக்குப் புது ஆள் வந்திருக்கிறது.

எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு பெரிய அதிகாரியின் பங்களா இருக்கிறது அல்லவா, அவர் மாற்றலாகி வடக்கே போய்விட்டார். அன்றிலிருந்து பூட்டிய வீட்டின் கொல்லையில் அழுகைச் சத்தம். காவல்காரர் பச்சமுத்துவைக் கேட்டால் "காத்துங்கம்மா" என்றார். நான் கரண்டியால் பாத்திரத்தைத் தட்டினேன், சத்தம் நின்றது. காற்றுக்குக் காது ஏது? இவரைச் சுவர் ஏறச் சொன்னேன். மீன் ஆபீசில் வேலை பார்க்கிற மனிதர், நீந்தத் தெரியும், ஏறத் தெரியாது. நானே ஏறிக் குதித்தேன்.

கரி போட்டு வைக்கும் அறையில் ஒரு நாய் கட்டிக்கிடந்தது. பூனையைவிடக் கொஞ்சம் பெரிது. கழுவிய பிறகுதான் வெள்ளை என்று தெரிந்தது. பின்னால் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்வதாக அதிகாரி வீட்டார் சொன்னார்களாம். ஆளும் வரவில்லை, தேளும் வரவில்லை. அது என் மடியில் ஏறிய பிறகு யார் வந்தாலும் கொடுப்பதாக இல்லை.

பெயர் தெரியாமல் வாய்க்கு வந்த பெயரையெல்லாம் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவே இல்லை. இவர் டீயோடு "பிஸ்கோத்து இருக்கா?" என்று கேட்டார், ஓடி வந்து காலடியில் நின்றது. அதையே பெயராக வைத்துவிட்டோம். அந்த வீட்டில் அதற்கு வேறு ஆகாரமே போடவில்லை போலிருக்கிறது. வலது கண்ணுக்குக் கீழே மட்டும் ஒரு வீக்கம். சொட்டு மருந்து விடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீங்களும் அண்ணியும் வந்து பாருங்கள். பார்த்தால் விடமாட்டீர்கள்.

உங்கள் அன்புத் தங்கை
சகாயம்மாள்


சேலம், அரிசிபாளையம்
21-8-1958

அன்புத் தங்கை சகாயத்துக்கு,

அண்ணன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இசபெல்லாவின் மூட்டு வலி இருந்த இடத்திலேயே இருக்கிறது. எனக்குக் குறையொன்றும் இல்லை.

வாயில்லாத ஜீவனைக் காப்பாற்றியது நல்ல காரியம். சுவர் ஏறியது நல்ல காரியம் அல்ல. அந்தப் பிராணியைச் சங்கிலியில் கட்டி வை. முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சாதே. ஊசி போட வேண்டியது இருந்தால் தாமதிக்காமல் போட்டுவிடு.

இந்த ஞாயிறு வருவதற்கில்லை. அடுத்த ஞாயிறும் சந்தேகம். மழைக்காலம் முடியட்டும். நீ சேலம் வரும்போது அதை அழைத்து வர வேண்டாம், பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள். ஏற்றினாலும் வேண்டாம்.

மாப்பிள்ளை சவரியாருக்கு என் அன்பு.

செபஸ்தியான்


மேட்டூர் அணை
7-9-1958

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கத்துடன் சகாயம். நாங்கள் இருவரும் சுகம், மூன்றாவது ஆள்தான் சுகமில்லை. உங்கள் சுகத்தை அறிய ஆவல்.

அண்ணா, அது கண்ணே இல்லையாம். பல்லாம். வீக்கம் உடைந்து சீழ் வந்தது. பயந்துபோய் மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கே குமாரசாமி என்று திருச்செங்கோட்டுக்கார டாக்டர். பிஸ்கோத்தின் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். "கண்ணு நல்லா இருக்குதுங்க. மேல்தாடைக் கடைவாய்ப் பல்லு வேரோட அழுகிப்போய், கண்ணுக்குக் கீழ வழி பண்ணிக்கிட்டு வருதுங்க" என்றார். ஒரு மாதமாக நான் நல்ல கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டிருக்கிறேன். அதுவும் பேசாமல் காட்டிக்கொண்டு இருந்திருக்கிறது.

பென்சிலின் போட்டார். வீக்கம் வடிந்தது, மறுபடி வந்தது. பல்லைப் பிடுங்காமல் தீராது, விட்டால் சீழ் ரத்தத்தில் கலந்து செத்துப்போகும் என்கிறார். ஆனால் அவரிடம் இருக்கிற குறடும் அரமும் குதிரைக்கானவை. மாட்டின் வாயைத் திறந்து பிடிக்கிற இரும்பைக் காட்டினார். அதற்குள் பிஸ்கோத்து முழுதாக நுழைந்து வெளியே வந்துவிடும். "சின்னப் பிள்ளைங்களுக்குப் பல்லுப் பிடுங்கற சாமானும் அதுல பழகின கையும் இருந்தாப் போதுங்க, மயக்கம் நான் பார்த்துக்கறேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. சேலத்திலேயே பெரிய பல் டாக்டர் என் கூடப் பிறந்தவர் என்று சொன்னேன். அவருக்கும் சந்தோஷம். அங்கிருந்து நேரே கோயிலுக்குப் போய் வனத்து அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டேன். பிஸ்கோத்து பிழைத்தால் ஜனவரியில் அவர் திருநாளன்று ஆடுமாடுகளை மந்திரிக்கும்போது, என் அண்ணனே அதைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து வரிசையில் நிற்பார் என்று. உங்களைக் கேட்காமல் நேர்ந்துவிட்டேன். பிடுங்குகிறவர் நீங்கள், தூக்கி வருவதும் நீங்களாக இருப்பதுதானே முறை?

எந்த பஸ்ஸில் வருகிறீர்கள் என்று எழுதுங்கள்.

சகாயம்


சேலம்
3-10-1958

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே எல்லாரும் வழக்கம்போல். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம்.

தனிப் பார்சலில் கிராம்புத் தைலமும் பஞ்சும் அனுப்பியிருக்கிறேன். உப்பு கலந்த வெந்நீரால் ஈறைக் கழுவு. கடினமான ஆகாரம் கொடுக்காதே.

நான் வருவதைப் பற்றி. என்னைப் பதிவு செய்திருப்பது மனிதர் பல்லுக்கு. மிருகங்களின் பல் வேறு சாஸ்திரம். தெரியாத வாயில் கை வைப்பது தொழில் தர்மம் ஆகாது. மேலும் ஜெபமாலை மாதம் பிறந்துவிட்டது. இசபெல்லாவுக்கும் மூட்டு வலி. பல் குடையும் கால்மிதி இயந்திரத்தின் வாரும் அறுந்திருக்கிறது.

நேர்ச்சை வைக்குமுன் ஒரு கார்டு போட்டிருக்கலாம்.

நலம் நாடும்
செபஸ்தியான்

அந்தப் பல்லுக்கு எத்தனை வேர் என்று டாக்டர் சொன்னாரா? சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.


மேட்டூர் அணை
8-10-1958

அண்ணனுக்கு,

சகாயம். சுகம் விசாரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

கிராம்புத் தைலம் வந்தது. பிஸ்கோத்து அதை மோந்து பார்த்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. கஞ்சித் தண்ணீர் தவிர எதுவும் இறங்கவில்லை. நேற்று இவர் அணையிலிருந்து கொண்டுவந்த மீனை முள் எடுத்துப் பிசைந்து வைத்தேன். பக்கத்தில் வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. பசி இருக்கிறது அண்ணா, வாய்தான் இல்லை.

அறுந்த வார், மூட்டு வலி, ஜெபமாலை மாதம் என்று அடுக்கியிருக்கிறீர்கள். எனக்குப் பல்வலி என்றால் இதையெல்லாம் சொல்வீர்களா? சின்ன வயதில் என் ஆடும் பல்லுக்காக நூலைக் கையில் வைத்துக்கொண்டு நாள் முழுக்கப் பின்னால் சுற்றினீர்களே. நாய் என்றால் அவ்வளவு இளப்பமா உங்களுக்கு? எனக்குக் கோபம்தான். மறைத்து எழுத வரவில்லை.

சகாயம்


சேலம்
14-10-1958

அன்புள்ள சகாயம்,

அண்ணி இசபெல்லா எழுதுகிறேன். மாதா உன்னைக் காப்பாராக. என் மூட்டு வலியைச் சாக்காக வைத்து உன் அண்ணன் எழுதிய கடிதத்தை நானும் படித்தேன். பஸ் ஏற முடியாத அளவுக்கு எனக்கு ஒன்றும் இல்லை. இதைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

உன் அண்ணனுக்கு நாய் என்றால் பயம். கோயிலுக்குப் போகும் வழியில் தையல்கடை பொன்னன் ஒரு நாய் வளர்க்கிறார். படுத்த இடத்தைவிட்டு அது எழுந்து நான் பார்த்ததில்லை. அதற்காக இவர் சுற்றுவழியாகப் பூசைக்குப் போகிறார். கேட்டால் நடை உடம்புக்கு நல்லது என்கிறார். பாதிப் பூசையில்தான் உள்ளே நுழைகிறார்.

இடது முன்கையில் இருக்கிற தழும்பைப் பற்றி உன்னிடம் சைக்கிளிலிருந்து விழுந்தேன் என்றுதானே சொல்லியிருக்கிறார்? அது நாய்க்கடி. அத்தை சாகும்முன் என்னிடம் சொன்னார்கள். நீ அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாயாம். தெருவில் வெறிநாய் வந்தது. எல்லாரும் வீட்டுக்குள் ஓட, நீ கையை நீட்டிக்கொண்டு அதனிடமே போனாயாம். இவர் உன்னைத் தள்ளிவிட்டுக் குறுக்கே கையைக் கொடுத்தார். அவருக்கு ஒன்பது வயது. தொப்புளைச் சுற்றி ஊசி போட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அத்தையிடம் ஒன்றே ஒன்று கேட்டாராம். "பாப்பாகிட்ட சொல்லாதம்மா. அவளும் நாயைக் கண்டா பயந்துக்குவா." அதனால்தான் நீ சுவர் ஏறிக் குதித்து நாயைத் தூக்குகிறாய்.

அடுத்தவர் பெயரில் நேர்ச்சை வைப்பது உங்கள் வீட்டு வழக்கம். என் கல்யாணத்துக்கு மறுமாதமே என் தலைமுடியை வேளாங்கண்ணிக்கு நேர்ந்தவர்கள் உன் அம்மா. நானாவது முடியை மட்டும் கொடுத்துத் தப்பித்தேன். இவரை விட்டுவிடு.

அன்புடன்
இசபெல்லா


மேட்டூர் அணை
2-11-1958

என் அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் தங்கை சகாயம். உங்களுக்கு நல்ல சுகம் கிடைக்க இன்று கல்லறைப் பூசையில் வேண்டிக்கொண்டேன். அம்மாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன். பதில் எழுத நாளாகிவிட்டது. காரணம் ஒன்றும் இல்லை. போன கடிதத்தில் எழுதியதை மறந்துவிடுங்கள்.

நேர்ச்சையைப் பற்றிப் பங்குச் சாமியாரைக் கேட்டேன். பிறர் பெயரில் வைத்தது அவரைக் கட்டாது, வைத்தவளே நிறைவேற்றட்டும் என்றார். நானே தூக்கிக்கொண்டு போகிறேன். நீங்கள் வர வேண்டாம். சாமான்களை மட்டும் அனுப்புங்கள், குமாரசாமி டாக்டர் தன்னால் முடிந்ததைச் செய்து பார்ப்பதாகச் சொல்கிறார். பெரிய மாடுகளின் பிரசவமே பார்த்த கை, இவ்வளவு சின்ன வாயில் பழக்கமில்லை என்று அவரே சொல்கிறார். ஆனாலும் பார்ப்போம்.

வேர் எத்தனை என்று கேட்டிருந்தீர்கள். சொன்னால் புரியாது என்று டாக்டர் தன் அலமாரியில் இருந்த ஒரு நாயின் மேல்தாடை எலும்பைக் கொடுத்தார். படிக்கிற காலத்திலிருந்து வைத்திருக்கிறாராம். வெந்நீரில் கழுவி வெயிலில் காயவைத்து அனுப்புகிறேன். இது வெறும் எலும்பு, அவ்வளவுதான். பார்த்து யோசனை எழுதினால் அவருக்கு உதவியாக இருக்கும்.

பிஸ்கோத்து தூங்குகிறது. இப்போதெல்லாம் தூங்கிக்கொண்டேதான் இருக்கிறது. கூப்பிட்டால் வால் மட்டும் அசைகிறது.

குளிர் ஆரம்பித்துவிட்டது. சைக்கிளிலிருந்து விழுந்த அந்தக் கை வலிக்கிறதா? சும்மா கேட்டேன்.

என்றும் உங்கள்
சகாயம்


சேலம்
10-11-1958

அன்புத் தங்கை சகாயத்துக்கு,

அனைவரும் நலம். பார்சல் புதன்கிழமையே வந்தது. நீ வழக்கமாக அனுப்பும் கருவாடு என்று இசபெல்லா சமையலறையில் வைத்துப் பிரித்தாள். அவள் போட்ட சத்தத்தில் நாற்காலியில் வாய் திறந்திருந்த நோயாளி தானாகவே மூடிக்கொண்டார்.

முதல் நாள் அதை ஒரு துணியால் மூடி வைத்தேன். மறுநாள் துணியை எடுத்தேன். சகாயம், என்ன அழகான பல் அது. கத்தியின் அலகைப் போல விளிம்பு. அதற்கு மூன்று வேர், முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. நம் மேல்தாடைக் கடைவாய்ப் பல்லுக்கும் மூன்றுதான். இத்தனை வருடம் இதைத்தான் பிடுங்கிக்கொண்டிருக்கிறேன். ஒன்றை அசைத்தால் மற்ற இரண்டும் பிடித்துக்கொள்ளும். முழுதாக இழுத்தால் தாடையே விரிந்துவிடும். குமாரசாமி டாக்டரை இழுக்க வேண்டாம் என்று சொல். முதலில் பல்லின் தலையை அறுத்துத் துண்டாக்கி, ஒவ்வொரு வேராக நெம்பி எடுக்க வேண்டும்.

தாடையைச் சாந்தில் பதித்து வைத்துப் பழகிப் பார்த்தேன். ஒரு பக்கத்துப் பல்லில் வேர் முறிந்தது. மறுபக்கம் மூன்றும் முழுதாக வந்தன. இசபெல்லாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கைதட்டினாள். பல் பிடுங்க வந்த ராசிபுரம் நெசவுக்காரர் ஒருவர் மேசையைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க டாக்டரு, இது எனக்கு முன்னால வந்தவருதுங்களா?" என்று கேட்டுக்கொண்டே எழுந்து போய்விட்டார்.

இதைக் கடிதத்தில் எழுதிப் புரியவைக்க முடியாது. கை செய்ய வேண்டிய காரியம். கால்மிதி இயந்திரத்துக்குப் புது வார் போட்டுக் கழற்றிக் கட்டியாகிவிட்டது. சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். பிராணிக்கு முழுக்க மயக்கம் கொடுத்த பிறகு என்னை உள்ளே கூப்பிட்டால் போதும்.

கை வலி இல்லை.

செபஸ்தியான்


மேட்டூர் அணை
17-11-1958

அன்புள்ள அண்ணிக்கு,

சகாயம் எழுதுகிறேன். உங்கள் வீட்டுக்காரர் இந்நேரம் பத்திரமாக வந்து சேர்ந்திருப்பார். வாய்விட்டு ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார். அதனால் நான் சொல்கிறேன்.

பஸ்ஸிலிருந்து நேரே மாட்டாஸ்பத்திரிக்கு வந்தார். வெளியே ஒரு காளை கட்டியிருந்தது. அதன் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு உள்ளே வரவே இல்லை. காளையிடம் பயம் கிடையாது போலிருக்கிறது. குமாரசாமி டாக்டர் பிஸ்கோத்தின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், திரும்பக் கேட்டார். வெளியே வந்து அண்ணனிடம் சொன்னார்:

"முழு மயக்கம் குடுத்தா எந்திரிக்காதுங்க. ரொம்ப நோஞ்சானாப் போச்சு. பாதிதான் குடுக்க முடியும். கண்ணு முழிச்சாலும் முழிக்கும், வாயை மூடுனாலும் மூடும். உள்ள கை விடறவங்க வெடுக்குனு இழுத்துறக் கூடாதுங்க, தாடை உடைஞ்சு போகும். நீங்க சரின்னாத்தான் ஆரம்பிக்கிறது."

அண்ணன் முகத்தில் ரத்தமே இல்லை. எனக்குத் தாங்கவில்லை. "அண்ணா, வேண்டாம். போயிடலாம். நான் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறேன்" என்றேன். மேசையில் கிடந்த பிஸ்கோத்தின் மேல் கை வைத்தேன். அவர் எழுந்து உள்ளே வந்தார். எனக்கும் மேசைக்கும் நடுவில் வந்து நின்றார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"நீ தள்ளி நில்லு பாப்பா."

பாப்பா என்று அவர் என்னைக் கூப்பிட்டு எத்தனை வருடம் ஆயிற்று அண்ணி. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மடித்த கைக்குக் கீழே அந்தத் தழும்பு. நினைவு தெரிந்ததிலிருந்து பார்க்கிற தழும்பு, அன்றுதான் பார்த்தேன்.

டாக்டர் தலையைப் பிடிக்க, நான் இயந்திரத்தை மிதிக்க, அண்ணன் அறுத்தார். ஒரு வேர் வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவதை நெம்பும்போது பிஸ்கோத்து கண்ணைத் திறந்து, அவர் விரலோடு சேர்த்து வாயை மூடிக்கொண்டது. நான் மிதிப்பதை நிறுத்திவிட்டேன். அண்ணன் விரலை இழுக்கவில்லை. நெற்றி வியர்வை மூக்கு நுனியில் தொங்குகிறது. உங்கள் நாற்காலியில் உட்காருகிற குழந்தைகளிடம் பேசுவாரே, அதே குரலில் பேசினார்: "அவ்வளவுதான் கண்ணு. முடிஞ்சுது. வாயத் தொற. சாமி இல்ல? கொஞ்சம் தொற." மறுபடி மறுபடி அதையேதான் சொன்னார். அது தானாக வாயைத் தளர்த்தியது. மூன்றாவது வேர் முனை முறியாமல் வந்தது, பின்னாலேயே சீழும் ஓடியது. "வாய் கொப்புளிச்சுத் துப்பு" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டார். குமாரசாமி டாக்டர் சிரித்த சிரிப்பில் வெளியே காளை கத்தியது.

அப்புறம் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். டீக் கிளாசை வாங்கினார், பாதி டீ சட்டையில் கொட்டியது. பஸ் குலுக்கல் என்றார். ஆமாம், மோசமான ரோடு என்றேன். வேறு எதுவும் நான் கேட்கவில்லை. அடுப்பில் போட்ட கடிதம் போட்டதுதான்.

நேற்றுச் சாயங்காலம் பிஸ்கோத்து பால் குடித்தது. இன்று காலை இவருடைய செருப்பைக் கவ்விக்கொண்டு வாசல் வரை போனது. இவர் திட்டவில்லை. மறு செருப்பையும் கொண்டுவந்து கொடுத்தார்.

உங்கள்
சகாயம்


மேட்டூர் அணை
20-12-1958

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

பாலன் பிறப்பு உங்கள் வீட்டில் சந்தோஷத்தை நிறைக்கட்டும். சவரியார், சகாயம், பிஸ்கோத்து மூவரும் சௌக்கியம்.

கண்ணுக்குக் கீழே புண் ஆறி முடி முளைத்துவிட்டது. வலது பக்கத்தில் பல் இல்லாததால் எல்லாவற்றையும் இடது பக்கமாகத் தலையைச் சாய்த்து மெல்லுகிறது, ஏதோ கணக்குப் போடுகிற மாதிரி இருக்கும். நேற்று கருவாட்டை முழுசாகத் தின்றது. கேக்குக்கு வைத்திருந்த முந்திரியையும் தின்றது. பங்களாவுக்குப் புது அதிகாரி வந்திருக்கிறார். அவர் வேலிக்கு அருகில் போனால் குரைக்கிறது. அது குரைத்து இப்போதுதான் நாங்கள் கேட்கிறோம்.

ஜனவரி பதினேழு சனிக்கிழமை திருநாள். நான் அதைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பேன். நீங்கள் வந்து பார்த்தால் போதும். தூரத்தில் நின்று பார்த்தாலும் போதும்.

சகாயம்


சேலம்
25-1-1959

அன்புத் தங்கை சகாயத்துக்கு,

திருநாள் முடிந்து நல்லபடியாக வந்து சேர்ந்தோம். இசபெல்லாவின் மூட்டு வலி மேட்டூர்க் காற்றில் குறைந்திருக்கிறதாம். அடிக்கடி வர வேண்டும் என்கிறாள்.

வரிசையில் நீ நின்றபோது நான் வந்து நாயை வாங்கிக்கொண்டதைப் பற்றி மாப்பிள்ளை ஏதேதோ பேசிச் சிரித்ததாகக் கேள்வி. பெரிதாக ஒன்றும் இல்லை. முன்னால் அத்தனை மாடுகள் நின்றன, சாமியார் வந்து சேர நேரமாகும், உனக்குக் கை வலிக்கும் என்று தோன்றியது. அது என் கழுத்தில் மூக்கை வைத்துக்கொண்டது. தீர்த்தம் தெளித்தபோது தும்மியது. மற்றபடி கனமே இல்லை. இவ்வளவு லேசான பிராணி என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

குமாரசாமி டாக்டரிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அவருடைய தாடை எலும்பைத் திருப்பி அனுப்ப இன்னும் கொஞ்ச நாள் ஆகும், எனக்கு இங்கே தேவைப்படுகிறது. கோயில் வழியில் தையல்கடை பொன்னன் வைத்திருக்கும் நாய் எந்நேரமும் படுத்தே கிடக்கிறதே என்று நேற்று உட்கார்ந்து வாயைத் திறந்து பார்த்தேன். மேல்தாடையில் இடது பக்கம், அதே பல். பாவம், வலியில்தான் இத்தனை வருடமும் எழுந்திருக்காமல் கிடந்திருக்கிறது. என் கையை நக்கியது.

இப்போதெல்லாம் பூசைக்கு மணி அடிக்கும் முன்பே போய்ச் சேர்ந்துவிடுகிறேன். அதைப் பார்த்து இசபெல்லா முக்காட்டுக்குள் சிரிக்கிறாள்.

பிஸ்கோத்துக்கு இனிப்பு எதுவும் கொடுக்காதே. அது டாக்டர் உத்தரவு என்று சொல்.

ஆசீர்வாதங்களுடன்
உன் அண்ணன்
செபஸ்தியான்